உங்கள் பாஸ்வேர்டு என் நோட்டில் இருக்கிறது

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் குமுளியில், தமிழ்நாட்டுப் பஸ்கள் வந்து திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பதினோரு வருடம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ஜெராக்ஸ் என்பது பலகையில் மட்டும்தான். நடந்ததெல்லாம் ஆன்லைன் வேலை: பிஎஃப் பார்ப்பது, ரயில் டிக்கெட், பரீட்சை விண்ணப்பம், ஆதார் அச்செடுப்பது. காலையில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறிப் போகிறவர்கள் சாயங்காலம் இறங்கும்போது வந்து நிற்பார்கள். கீழே இறங்குகிற ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்தில் வேலை முடிய வேண்டும்.

எந்தக் கணக்கைத் தொடங்கினாலும் இமெயில் கேட்கும். அவர்களிடம் இருக்காது, நானே ஒன்று திறப்பேன். பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "நீங்களே ஏதாச்சும் ஒண்ணு போட்டு விடுங்கண்ணே." அவர்கள் பெயர், ஒரு அட் குறி, அப்புறம் 123. முருகனுக்கும் அதே அச்சு, மேரிக்கும் அதே அச்சு. அடுத்த தடவை வரும்போது மறந்திருப்பார்கள் என்று ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பேன். கடையை மூடும்போது நோட்டு மூன்றாகியிருந்தது.

டீ குடிக்கப் போனால் கல்லாவைப் பூட்டிவிட்டுத்தான் போவேன். நோட்டு மேஜை மேலேயே கிடக்கும். கல்லாவில் இருந்தது என் காசு, நோட்டில் இருந்தது ஊரார் காசு. அது அப்போது உறைக்கவில்லை.

எல்லோர் சாவியையும் ஒரே கொக்கியில் மாட்டி வைக்கிற தப்பு, கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு எவ்வளவு பழசோ அவ்வளவு பழசு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரு கணினி அமைப்பை உருவாக்கி, ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தது. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பை அச்செடுத்துக்கொண்டு, அடுத்தவர் கணக்கில் உட்கார்ந்து வேலை பார்த்தார். என் நோட்டுக்கு இவ்வளவு பெரிய பரம்பரை இருப்பது கடையை மூடிய பிறகுதான் தெரிந்தது.

ஆகவே இந்தக் கட்டுரை நல்ல பாஸ்வேர்டு அமைப்பது எப்படி என்று தொடங்காது. வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பூட்டு வாங்கலாம்.

எது யார் கையில்

ஒரு முழுத் தாள் எடுங்கள். போனில் வேண்டாம், தாளே போதும். உங்கள் பெயரில் இருக்கிற ஆன்லைன் கணக்குகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். இமெயில், வாட்ஸ்அப், பேங்க், யுபிஐ ஆப், பிஎஃப், ரயில் டிக்கெட், ஃபேஸ்புக், டிஜிலாக்கர், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம். எனக்கு ஆன்லைனில் ஒன்றுமே இல்லை என்று சொன்னவர்களுக்கே எட்டு ஒன்பது வந்திருக்கிறது. ஏலக்காய் விற்கிறவர்களுக்கு இன்னும் கூடும். புற்றடியிலும் போடியிலும் ஏலம் விடுவதே இப்போது கம்ப்யூட்டர் திரையில்தான் நடக்கிறது.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விஷயம் குறியுங்கள். அதைத் திறந்தது யார்? எந்த மொபைல் எண் கொடுக்கப்பட்டிருக்கிறது? எந்த இமெயில்?

திறந்தது நீங்கள் இல்லை என்றால் அந்த வரியில் ஒரு சுழி போடுங்கள். மச்சான் மகன் திறந்து கொடுத்தது, தோட்டத்து ரைட்டர் திறந்தது, என்னைப் போன்ற கடைக்காரர் திறந்தது எல்லாவற்றுக்கும் சுழி உண்டு. அவர்கள் கெட்டவர்கள் என்பதற்காக இல்லை. அவர்களுக்கு அந்தப் பாஸ்வேர்டு தெரியும், அதே பாஸ்வேர்டை இன்னும் நூறு பேருக்கும் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். நான் வைத்திருந்தேன்.

சுழி போட்ட கணக்குகளில் முதலில் மீட்க வேண்டியது இமெயில். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. பெரும்பாலான தளங்களில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினால் புதிய சாவி இமெயிலுக்குத்தான் போகும். இமெயில் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் பாக்கி எல்லாமும்.

ஜிமெயில் என்றால் வழி இது. உங்கள் சொந்தப் போனில் ஜிமெயிலைத் திறந்து, மேலே வலது ஓரத்தில் இருக்கும் வட்டப் படத்தைத் தொடுங்கள். கூகுள் கணக்கை நிர்வகிக்கும் பக்கம் வரும், அதில் பாதுகாப்பு என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே கணக்கு மீட்புக்கான போன் எண்ணும், மீட்பு இமெயிலும் இருக்கும். கடைக்காரர் எண் இருந்தால் அழித்து உங்கள் எண்ணைப் போடுங்கள். அதே பகுதியில் உங்கள் கணக்கு எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்ற பட்டியலும் இருக்கும். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் அதைத் தொட்டு வெளியேற்றுங்கள். கடைசியாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மீட்பு எண்ணை மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய எண்ணுக்குச் சரிபார்ப்பு எண் அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் காட்டலாம். பதற வேண்டாம், ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பாஸ்வேர்டே தெரியாது என்றால் திறந்து கொடுத்தவரிடம் போய்க் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். நான் கடையை மூடப் போகிறேன் என்று சொன்ன மாதம் நாற்பது பேருக்கு மேல் வந்து கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வாங்கின கையோடு, அவர் கண் முன்னால் இல்லாமல், வீட்டுக்குப் போய் மாற்றுங்கள்.

ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது

எல்லையில் இருக்கிறவர்களுக்கென்றே இருக்கிற சிக்கல் இது. வேறு ஊரில் எழுதுகிற பாஸ்வேர்டுக் கட்டுரைகளில் நான் பார்த்ததில்லை.

நம் பக்கம் பாதிப் பேரிடம் இரண்டு சிம். ஒன்று கீழே தமிழ்நாட்டில் வாங்கியது, ஒன்று மேலே கேரளாவில் வாங்கியது. தோட்டத்தில் எது எடுக்கிறதோ அது ஒரு வருடம், பிறகு வேறொன்று. வண்டன்மேட்டில் வேலை இருந்த காலத்தில் வாங்கிய கேரள எண்ணைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கியிருப்பார்கள். வேலை நெடுங்கண்டம் பக்கம் மாறியதும் அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் நின்றுபோகும். சிம் பர்சில் ஓட்டைக் காசு மாதிரிக் கிடக்கும்.

ரீசார்ஜ் இல்லாமல், பயன்பாடும் இல்லாமல் 90 நாள் போனால் கம்பெனி அந்த எண்ணைத் துண்டிக்கலாம். துண்டித்த எண் சும்மா இருப்பதில்லை. இன்னும் சில மாதம் கழித்து வேறு யாருக்காவது புது எண்ணாகப் போய்விடும். அந்த ஆளுக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. ஆனால் உங்கள் ஓடிபி அவர் போனில் வந்து விழும்.

கூடலூர் அக்கா ஒருவர், எஸ்டேட்டில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர், பிஎஃப் எடுக்க வந்தார். கணக்கில் இருந்தது மூன்று வருடத்துக்கு முன்னால் விட்டுப்போன எண். நான் ஓடிபி அனுப்புகிறேன், வரவில்லை. மறுபடி அனுப்புகிறேன். அப்புறம் அந்த எண்ணுக்கே போன் போட்டுப் பார்த்தோம். அடித்தது. ஒரு பையன் மலையாளத்தில் எரிச்சலாகப் பேசினான், காலையிலிருந்து ஏதேதோ நம்பர் வந்துகொண்டே இருக்கிறதாம். நல்ல பையன்தான், சிரித்துவிட்டு வைத்துவிட்டான். ஆனால் அக்காவின் பதினான்கு வருடப் பணத்துக்கான வழி அரைமணி நேரம் அவன் சட்டைப்பையில் இருந்தது. அந்த எண்ணை மாற்றி எழுத அவர் எத்தனை நாள் கூலியை விட்டு அலைந்தார் என்பது தனிக்கதை.

ஆகவே இரண்டு எண் இருந்தால் ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள், சாகிறவரை வைத்திருக்கப் போகிற எண். அதை ஆதாருக்கும் பேங்குக்கும் இமெயிலுக்கும் கொடுங்கள். அரசாங்கக் கணக்குகளில் பலவும் ஆதாரோடு இணைத்த எண்ணுக்கே ஓடிபி அனுப்பும் என்பதால் ஆதார்தான் முக்கியம். உங்கள் எண் ஆதாரில் இருக்கிறதா என்பதை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். இன்னொரு சிம் தோட்டத்தில் பேசுவதற்கு மட்டும் இருக்கட்டும். ஒரு எண்ணை விடப் போகிறீர்கள் என்றால், அது உயிரோடு இருக்கும்போதே எல்லா இடத்திலும் மாற்றிவிட்டு அப்புறம் விடுங்கள்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்க மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் இருக்கிறது. ஓடிபி போட்டு உள்ளே போனால் பட்டியல் வரும். உங்களுடையது இல்லாத எண் இருந்தால் அங்கேயே குறித்துக் கொடுக்கலாம். ரோட்டோரத்தில் குடை போட்டு சிம் விற்கிறவர்களிடம் கைரேகை வைத்திருந்தால் கட்டாயம் பாருங்கள்.

நீளம்தான் பலம்

இப்போது பாஸ்வேர்டுக்கு வருவோம். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று போடு என்று தளங்கள் கேட்பதால் எல்லோரும் ஒரே மாதிரி செய்கிறோம். முதல் எழுத்து பெரியது, கடைசியில் அட் குறியும் 123-ம். என் நோட்டு முழுக்க இதுதான். உடைக்கிறவர்களுக்கும் இது தெரியும், அவர்கள் முதலில் போட்டுப் பார்ப்பதே இந்த அச்சைத்தான். 2009-இல் ராக்யூ என்ற அமெரிக்கக் கம்பெனியிலிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் வெளியே வந்தன. அதில் சுமார் 2.9 லட்சம் பேர் வைத்திருந்தது 123456. உலகம் முழுக்க ஒரே ஜெராக்ஸ் கடைக்காரர்தான் போட்டுக் கொடுத்தார் போலிருக்கிறது.

இந்த எழுத்து-எண்-குறி விதியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்ற விதியும் பரவியதற்கு 2003-இல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி வெளியிட்ட ஒரு வழிகாட்டி முக்கியக் காரணம். அதை எழுதிய பில் பர், 2017-இல் தான் எழுதியதில் பலவற்றுக்காக வருந்துவதாகப் பேட்டி கொடுத்தார். அதே வருடம் அந்த நிறுவனமே விதியைத் திருப்பியது. காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதே, நீளமாக வைக்க விடு என்றது. மாதாமாதம் மாற்றச் சொன்னால் ஜனவரிக்கு 1, பிப்ரவரிக்கு 2 என்று போடுவதைத் தவிர மனுஷன் வேறு என்ன செய்வான்?

நீளத்தின் கணக்கு எளிது. சின்ன ஆங்கில எழுத்து மட்டும் எட்டு இருந்தால் மொத்தம் சுமார் 20,900 கோடி சேர்க்கைகள். பெரிதாகத் தெரிகிறது. ஆனால் ஒரு தளத்திலிருந்து திருடு போன பட்டியல் எம்டி5 என்ற பழைய முறையில் பூட்டப்பட்டிருந்தால், விளையாட்டுக்காக விற்கிற உயர்ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குச் சுமார் 16,000 கோடி வீதம் முயன்று பார்க்கும். எட்டு எழுத்துக்கு இரண்டு நொடிகூட ஆகாது.

இதற்கு மாற்றாக 1995-இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் ஒரு வழி சொன்னார். பகடையை உருட்டி, 7,776 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து சொற்களைப் பொறுக்கிக் கோர்ப்பது. அப்படி ஐந்து சொல் எடுத்தால் அதே கார்டுக்கு எல்லாச் சேர்க்கையையும் முயன்று தீர்க்க ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். ஆறு சொல் என்றால் நாற்பதாயிரம் வருடம் தாண்டும். ஒரே ஒரு சொல் கூடியதற்கு இவ்வளவு.

தமிழில் இதை நாம் வசதியாகச் செய்யலாம். வீட்டில் ஒரு அகராதியோ தடிமனான புத்தகமோ எடுத்து, கண்ணை மூடிப் பக்கத்தைத் திருப்பி விரல் வையுங்கள். விரல் பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெயர்ச்சொல்லை எழுதுங்கள். ஐந்து தடவை, இமெயிலுக்கு ஆறு தடவை. பகடை அளவுக்குக் கறாராக இருக்காது, ஆனால் மனசிலிருந்து எடுப்பதைவிட எவ்வளவோ மேல். தாழ்ப்பாள், திராட்சை, சித்தப்பா, குக்கர், மூடுபனி என்று வந்தால், சித்தப்பா மூடுபனியில் குக்கரோடு நிற்பதாக ஒரு படம் மனசில் வரைந்துகொள்ளுங்கள். மறக்கவே மறக்காது. இந்த ஐந்தையே வைத்துவிடாதீர்கள், இங்கே அச்சில் வந்தாயிற்று. மலையாளம் தெரிந்தவர்கள் நடுவில் ஒரு கப்பையோ சக்கையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கை. சொற்களை விரல்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், நீங்கள் இல்லை. குறள், பழமொழி, பாட்டு வரி எதுவும் கூடாது. நமக்கு மனப்பாடமானது உடைக்கிறவன் பட்டியலிலும் இருக்கும். இன்னொன்று, தட்டச்சு. தமிழ் எழுத்திலேயே அடித்தால் சில தளங்கள் ஏற்காது, அடுத்தவர் கீபோர்டில் தமிழ் இருக்காது. ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டியிருக்கும். அப்போது தாழ்ப்பாளில் வரும் ழகரத்துக்கு இசட் போடுவதா எல் போடுவதா, த-வுக்குப் பின்னால் எச் உண்டா இல்லையா என்று குழப்பம் வரும். பல தடவை தப்பாக அடித்தால் சில தளங்களில் கணக்கே பூட்டிக்கொள்ளும். முதலிலேயே ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, ஒரு வாரம் தினம் ஒருமுறை அடித்துக் கையைப் பழக்குங்கள். எனக்கு ழகரம் வந்தாலே அந்தச் சொல்லைத் தள்ளிவிடுகிற வழக்கம்.

ஒவ்வொன்றுக்கும் வேறு

ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 2012-இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து பாஸ்வேர்டுகள் திருடு போயின. கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் அதே பாஸ்வேர்டைத் தன் அலுவலகக் கணக்குக்கும் வைத்திருந்தார். அதன் வழியே உள்ளே போய் எடுத்துச் சென்றது 6 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்கு விவரம். கம்ப்யூட்டர்க் கம்பெனிக்காரரே அப்படி.

ஆறு சொல் வாக்கியம் பத்துப் பன்னிரண்டை யாராலும் நினைவில் வைக்க முடியாது. வைக்கவும் வேண்டாம். இமெயிலுக்கு ஒன்று, எல்லாப் பாஸ்வேர்டையும் பூட்டி வைக்கிற ஆப்பான பாஸ்வேர்டு மேனேஜருக்கு ஒன்று, இரண்டை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். மற்றதை மேனேஜரே உருவாக்கி வைத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் கணக்கோடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. தொடங்குகிறவர்களுக்கு அதுவே போதும். தனியாக வேண்டும் என்றால் பிட்வார்டன் இலவசமாகவே கிடைக்கிறது. இணையத்தில் எதையும் வைக்க விருப்பமில்லாதவர்களுக்கு, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் பூட்டிவைக்கும் கீபாஸ் இருக்கிறது. ஆனால் அந்தக் கோப்புக்குப் பிரதி எடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு.

போனில் இதெல்லாம் ஒத்துவராத பெரியவர்களுக்கு நான் இப்போது சொல்வது நோட்டுத்தான். சிரிக்க வேண்டாம். பல ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருக்கிற திருடனால் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறக்க முடியாது. என் கடை மேஜை மேல் கிடந்த நோட்டுக்கும் உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் ரேஷன் கார்டோடு இருக்கிற நோட்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அதில் யுபிஐ பின் நம்பரையும் ஏடிஎம் பின் நம்பரையும் மட்டும் எழுதாதீர்கள். நாலு, ஆறு இலக்கம்தானே, அது மனசிலேயே இருக்கட்டும்.

உங்கள் இமெயில் எந்தத் திருட்டிலாவது சிக்கியிருக்கிறதா என்று பார்க்க, ட்ராய் ஹண்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013-இல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்டு என்ற தளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். சிக்கியிருந்தால் அந்தத் தளத்தின் பாஸ்வேர்டையும், அதையே வைத்திருந்த வேறு இடங்களையும் உடனே மாற்றுங்கள். மாற்றுவதற்கு நல்ல காரணம் என்றால் இதுதான்.

சிக்னல் இல்லாத மேட்டில் இரண்டாம் பூட்டு

பாஸ்வேர்டு போனாலும் உள்ளே வர முடியாதபடி இன்னொரு பூட்டு வேண்டும். பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது எஸ்எம்எஸ்சில் வரும் ஓடிபி. ஆனால் கம்பம்மெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் எந்த டவர் எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஏலச்செடிக்கு நடுவில் நின்றுகொண்டு போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஓடிபிக்காகக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டோர் மாடியில் ஏறினால் பத்து நிமிடம் கழித்து வரும், அதற்குள் செல்லாமல் போயிருக்கும்.

இதற்கு மருந்து ஆத்தென்டிகேட்டர் ஆப். கூகுள் ஆத்தென்டிகேட்டர் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் ஏஜிஸ் இருக்கிறது. இது சிக்னலே இல்லாமல் வேலை செய்யும். முதல் தடவை இணைக்கும்போது தளம் ஒரு கியூஆர் படம் காட்டும். அதை ஸ்கேன் செய்தவுடன் ஒரு ரகசிய எண் தளத்திடமும் உங்கள் போனிலும் ஒரே மாதிரி பதிந்துவிடும். பிறகு அந்த ரகசியத்தையும் கடிகார நேரத்தையும் சேர்த்து இரண்டு பக்கமும் தனித்தனியே ஒரே கணக்குப் போடும். 30 நொடிக்கு ஒருமுறை புதிய ஆறு இலக்கம் வரும். எஸ்எம்எஸ் மாதிரி யாரும் எதையும் அனுப்புவதில்லை, அதனால் டவர் தேவையில்லை. சிம்மை ஏமாற்றி எடுத்துக்கொண்டவனுக்கும் இந்த எண் போகாது. போனின் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும், நேரத்தைத் தானாக அமைக்கும்படி விட்டுவிடுங்கள்.

ஜிமெயிலில் போட, முன்பு பார்த்த பாதுகாப்புப் பகுதியில் இரண்டு-படிச் சரிபார்ப்பு என்ற இடத்துக்குப் போய், ஆத்தென்டிகேட்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைக் கீழே, வீட்டில், சிக்னல் நன்றாக இருக்கும்போது செய்யுங்கள். முடிந்தவுடன் அங்கேயே அவசரத்துக்கான மாற்று எண்கள் (பேக்கப் கோட்) கிடைக்கும். பத்து எண்கள், ஒவ்வொன்றும் ஒரே தடவைதான் செல்லும். எழுதியோ அச்செடுத்தோ அந்த டிரங்குப் பெட்டிக்குள் போடுங்கள். போன் தண்ணீருக்குள் விழுந்தால் உள்ளே போக இந்தத் தாள்தான் வழி. இதைச் சொல்லாமல் ஒரு தம்பிக்கு ஆத்தென்டிகேட்டர் போட்டுவிட்டு, மழைக்காலத்தில் அவன் போன் கெட்டதும் நான் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை.

பேங்குகள் பெரும்பாலும் இந்த ஆப்பை ஏற்பதில்லை, அங்கே எஸ்எம்எஸ்தான். சரி, அதோடு வாழலாம். ஆனால் போன் பூட்டியிருக்கும்போதே திரையில் எஸ்எம்எஸ் முழுசாகத் தெரிகிற அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் படித்துவிடுவார்.

வாட்ஸ்அப்புக்கு வேறு மாதிரி. அமைப்புகளில் கணக்கு என்பதற்குள் இரண்டு-படிச் சரிபார்ப்பு இருக்கும், அதில் ஆறு இலக்க பின் நம்பர் வைத்து, இமெயிலும் கொடுங்கள். இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எப்போதோ என் மாதிரிக் கடையில் பிரின்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்து மூடாமல் வந்திருப்பீர்கள்.

பாஸ்கீ என்று ஒன்று சில தளங்களில் இப்போது கேட்கும். பாஸ்வேர்டே இல்லாமல் போனைத் திறக்கும் கைரேகையை வைத்தே உள்ளே போகலாம். நல்ல ஏற்பாடு, போலித் தளத்தில் ஏமாந்துபோய்க் கொடுத்துவிடவும் முடியாது. உங்கள் போனை வேறு யாரும் திறக்க முடியாது என்ற நிச்சயம் இருந்தால் சரி என்று கொடுங்கள்.

கடைக் கம்ப்யூட்டரில்

கடைக்குப் போகாமல் இருக்க முடியாது, தெரியும். போனால் இப்படிச் செய்யுங்கள். பாஸ்வேர்டை வாயால் சொல்லாதீர்கள். கீபோர்டைத் திருப்பச் சொல்லி நீங்களே அடியுங்கள். மெதுவாகத்தான் வரும், பின்னால் வரிசையில் நிற்பவர் முனகுவார், முனகட்டும். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பெட்டி வந்தால் வேண்டாம் என்பதை அழுத்துங்கள். முடிந்ததும் லாக் அவுட் செய்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். மறந்து ஜீப் ஏறிவிட்டால், வீட்டுக்கு வந்து சாதனங்கள் பட்டியலிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை வெளியேற்றலாம்.

ஓடிபியைச் சொல்வதற்கு முன்னால் அந்த எஸ்எம்எஸ் எதற்காக வந்தது என்று முழுசாகப் படியுங்கள். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ வந்து புரியவில்லை என்றால் கூட வந்தவரிடம் காட்டுங்கள். டிக்கெட் போடுகிறேன் என்று சொன்னவர் கேட்கும் ஓடிபியில் பணம் மாற்ற என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. யாராவது பணம் அனுப்புகிறேன், பின் நம்பரை அடியுங்கள் என்றால் அது உங்கள் பணத்தை எடுக்கத்தான்.

போய்விட்டால்

பணம் போனது தெரிந்த நிமிடமே 1930-க்குப் போன் செய்யுங்கள். இது நாடு முழுமைக்கும் ஒரே எண், குமுளியில் நின்றாலும் கம்பத்தில் நின்றாலும் இதுதான். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் உங்கள் பேங்கின் புகார் எண்ணுக்குப் பேசிக் கணக்கையும் கார்டையும் நிறுத்தச் சொல்லி, உங்கள் புகாருக்கு அவர்கள் கொடுக்கும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, உங்கள் தவறும் பேங்கின் தவறும் இல்லாமல் வேறு எங்கோ நடந்த ஓட்டையால் பணம் போய், பேங்கிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால், நஷ்டம் உங்கள் மேல் இல்லை. ஆனால் பின் நம்பரையோ பாஸ்வேர்டையோ நீங்களே யாருக்காவது கொடுத்திருந்தால், பேங்கில் சொல்கிற நிமிடம் வரை போனதெல்லாம் உங்கள் நஷ்டம்தான். "நீங்களே ஒண்ணு போட்டு விடுங்கண்ணே" என்ற வார்த்தைக்கு என்ன விலை என்று நான் படித்துத் தெரிந்துகொண்டது இந்த விதியில்தான்.

போனே தொலைந்துபோனால் முதலில் சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு யுபிஐயும் பேங்கும். சஞ்சார் சாத்தி தளத்திலேயே போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து அதை முடக்கவும் வழி உண்டு, அதற்குக் காவல் நிலையப் புகாரின் நகல் கேட்பார்கள். ஐஎம்இஐ எண் தெரிய, இப்போதே போனில் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அடித்துப் பாருங்கள். வருகிற பதினைந்து இலக்கத்தையும், 1930-ஐயும், பேங்கின் புகார் எண்ணையும் அந்த முழுத் தாளின் பின்பக்கம் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். இதையெல்லாம் போனிலேயே சேமித்து வைத்திருந்தால், போன் போன அன்றைக்கு எடுத்துப் பார்க்க முடியாது.